தோண்டாமல் மண்ணுக்குள் பார்ப்பது: அலைச்சிதறல் கணிதத்தில் ஒரு வாழ்நாளும் வன்னி நிலமும்

வட இலங்கையின் முகமாலையில் மிதிவெடி அகற்றுபவரின் கையில் இருக்கும் உலோகங்காட்டி ஒலி எழுப்பும்போது அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கீழே மின்சாரம் கடத்தும் ஏதோ கிடக்கிறது. மிதிவெடியின் வெடியூசியாக இருக்கலாம். சுட்டு முடிந்த ரவையின் வெற்றுக் கோதாகவோ, ஷெல் துண்டாகவோ, சோடாப் போத்தல் மூடியாகவோ, கூரைத் தகரத்திலிருந்து கழன்ற ஆணியாகவோ இருக்கலாம். இரண்டு தரப்பும் ஆண்டுக்கணக்காக எதிரெதிரே பதுங்குகுழி வெட்டிக் கிடந்த நிலத்தில் இவற்றில் எதற்கும் பஞ்சமில்லை. உணர்வதில் கருவி கெட்டிதான். உணர்ந்ததை வைத்துக்கொண்டு பொருள் எது என்று சொல்வதில்தான் சிக்கல். எவ்வளவு விலை கொடுத்து வேறு கருவி வாங்கினாலும் அந்தச் சிக்கலில் ஒரு பகுதி அப்படியேதான் இருக்கும். ஏனென்றால் அது கணிதத்திலிருந்து வருகிறது.

அந்தப் பகுதி எவ்வளவு பெரியது என்று அளப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர்கள் இருக்கிறார்கள். பிரயோக கணிதத்தில் அவர்களுடைய துறைக்கு நேர்மாறுப் பிரசினங்கள் என்று பெயர்; அதற்குள் ஒரு பெரும் கிளை அலைச்சிதறல். வன்னியில் இத்துறையைப் பற்றிப் பேசுவோர் அரிது. ஆனால் மிதிவெடி எங்கே, தண்ணீர் எங்கே என்று இந்த நிலத்திடம் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கும் இரண்டு கேள்விகளும் இத்துறைக்கு உரியவை. அதனால் இதில் ஒருவர் உண்மையில் என்ன செய்கிறார், எதைச் சாதனை என்று எண்ணுகிறார் என்பதை விளங்கிக்கொள்வது வீண்வேலை அன்று.

கோடையில் நீர் இறங்கிய குளமொன்றில் பட்டமரம் நிற்கிறது. காற்று எழுப்பும் சிற்றலைகள் அதில் மோதி வளைந்து பிரிகின்றன. மரம் நிற்கும் இடமும் பருமனும் தெரிந்திருந்தால், அலை எப்படிச் சிதறும் என்று கணித்துவிடலாம். இது நேர்ப் பிரசினம். மரத்தைப் பார்க்காமல், குளக்கட்டோரம் வந்து சேரும் அலைகளை மட்டும் அளந்து, மரம் எங்கே நிற்கிறது, எவ்வளவு பருமன், ஒன்றா இரண்டா என்று சொல்ல முற்பட்டால் அது நேர்மாறுப் பிரசினம். முதலாவதில் காரணத்திலிருந்து விளைவுக்குப் போகிறோம். இரண்டாவதில் விளைவிலிருந்து காரணத்துக்குத் திரும்பி வருகிறோம். திரும்பி வரும் பாதை மோசமானது.

எவ்வளவு மோசம் என்பதற்கு அளவுகோல் வைத்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜாக் ஹடமார். ஒரு பிரசினம் ஒழுங்காக அமைந்தது என்று சொல்ல வேண்டுமானால் அதற்குத் தீர்வு இருக்க வேண்டும், அந்தத் தீர்வு ஒன்றாக மட்டும் இருக்க வேண்டும், தரவு சிறிது மாறினால் தீர்வும் சிறிதளவே மாற வேண்டும் என்று அவர் 1902இல் எழுதினார். இவற்றுக்கு அடங்காத பிரசினங்களுக்குப் பௌதிக உலகில் இடமில்லை என்பது அவருடைய எண்ணம். அந்த எண்ணம் நிலைக்கவில்லை. நில அதிர்விலிருந்து பூமியின் உள்ளமைப்பை அறிவதும், எக்ஸ் கதிரிலிருந்து உடலின் குறுக்குவெட்டைக் காண்பதும், எதிரொலியிலிருந்து கப்பலைத் தேடுவதும் மூன்றாவது நிபந்தனையை மீறுகிற வேலைகளே. மருத்துவமனையில் சி.டி. ஸ்கான் எடுக்கிற ஒவ்வொருவரும் ஹடமார் ஒதுக்கிய வகைப் பிரசினம் ஒன்றின் தீர்வைத்தான் கையில் வாங்குகிறார்.

மூன்றாவது நிபந்தனை எப்படி உடைகிறது என்பதை உலோகங்காட்டியை வைத்தே பார்க்கலாம். அது வேலை செய்யும் தாழ்ந்த மீடிறன்களில் (மீடிறன் என்பது செக்கனுக்கு எத்தனை அலைவு என்ற எண்), புதைந்த பொருளைச் சுற்றி எழும் காந்தப்புலத்தை ஏறக்குறைய நிலைப்புலமாகக் கொள்ளலாம். அந்தப் புலத்தின் வடிவில் பருமனான ஏற்ற இறக்கங்களும் நுண்ணிய ஏற்ற இறக்கங்களும் கலந்திருக்கும். பொருளிலிருந்து விலகப் போகப் போக நுண்ணியவை முதலில் அழிகின்றன. அழிவு அடுக்குக்குறிச் சார்பின் வேகத்தில் நடக்கிறது. 20 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அமைப்பு, 15 சென்ரிமீற்றர் உயரத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். 5 சென்ரிமீற்றருக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அமைப்போ அதே உயரத்தில் சுமார் 15 கோடியில் ஒரு பங்காகிவிடும். ஆணியையும் வெடியூசியையும் வேறுபடுத்திக் காட்டக்கூடிய விவரம் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. அதை மீட்க வேண்டுமானால் அளந்த எண்ணை 15 கோடியால் பெருக்க வேண்டும். அப்படிப் பெருக்கும்போது அளவீட்டில் இருந்த இரைச்சலும், அதாவது தற்செயலாகக் கலந்த சிறு பிழைகளும், 15 கோடியால் பெருகும். திரையில் ஏதோ ஓர் உருவம் தெரியத்தான் செய்யும். அது மண்ணுக்குள் இருப்பதன் உருவமா, இரைச்சலின் உருவமா என்று யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு மருந்து கண்டவர்களில் முதன்மையானவர் சோவியத் கணிதவியலாளர் அந்திரேய் திக்கனோவ். 1943இல் ஓர் அடிப்படைத் தேற்றத்தையும் 1963இல் இன்று அவர் பெயரால் வழங்கும் ஒழுங்குபடுத்தல் முறையையும் வெளியிட்டார். தரவுக்கு முழுவதும் பொருந்தும் தீர்வைத் தேடாதே, தரவுக்குப் போதியளவு பொருந்துவதும் அளவுக்கு மீறி ஆடாததுமான தீர்வைத் தேடு என்பது அதன் சாரம். கொஞ்சம் உண்மையை விட்டுக்கொடுத்துக் கொஞ்சம் உறுதியை வாங்குகிற பேரம் இது. எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதில் இன்றும் ஆய்வுக்கட்டுரைகள் வந்துகொண்டிருக்கின்றன.

தண்ணீருக்கு வருவோம். வவுனியாப் பக்கத்து நிலம் பெரும்பாலும் கடும்பாறை. அங்கே நீர் நிற்பது மேலே சிதைந்த பாறைப் படையிலும் கீழே பாறை வெடிப்புகளிலும்தான். குழாய்க்கிணறு அடிப்பதற்கு முன் நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பது வழக்கம். ஒருவர் கவட்டைத் தடியோடு வருவார், இன்னொருவர் தேங்காயோடு வருவார். வசதியும் தொடர்பும் உள்ளவர்கள் மின்தடை அளவீடு செய்விக்கிறார்கள். வரிசையாக நான்கு கோல்களை மண்ணில் இறக்கி, வெளிக்கோல்கள் இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, உட்கோல்கள் இரண்டுக்கும் இடையிலான அழுத்த வேறுபாட்டை அளப்பார்கள். கோல்களின் இடைவெளியைக் கூட்டக் கூட்ட மின்னோட்டம் ஆழமாகப் போகும். கொன்ராட் ஷ்லும்பெர்ஜே 1912இல் பிரான்சில் செய்து பார்க்கத் தொடங்கிய முறையின் வழிவந்தது இது.

இதுவும் நேர்மாறுப் பிரசினமே. இதன் பலவீனம் பணச் செலவாகவே விவசாயியின் தலையில் விழுகிறது. தடை கூடிய படைகளுக்கு நடுவே தடை குறைந்த மெல்லிய படை ஒன்று இருந்தால், மேலிருந்து எடுக்கும் அளவீட்டுக்கு அதன் தடிப்பும் தெரியாது, தடைத்திறனும் தெரியாது. ஒன்றை மற்றதால் வகுத்து வரும் எண் மட்டுமே தெரியும். 10 மீற்றர் தடிப்பும் 40 ஓம்-மீற்றர் தடைத்திறனும் கொண்ட படையும், 2 மீற்றர் தடிப்பும் 8 ஓம்-மீற்றர் தடைத்திறனும் கொண்ட படையும் மேலே ஏறக்குறைய ஒரே வாசிப்பைத் தரும். முதலாவது நல்ல நீருள்ள தடித்த படையாக இருக்கலாம். இரண்டாவது உவர்நீர் ஊறிய மெல்லிய படையாகவோ களியாகவோ இருக்கலாம். அளவீடு செய்தவர் பொய் சொல்லவில்லை. அவருடைய அறிக்கையில் ஒரு விடை மட்டும் எழுதப்பட்டிருப்பதுதான் தவறு.

நிலத்தின் மேற்பரப்பில் எடுக்கக்கூடிய எல்லா மின் அளவீடுகளையும் துல்லியமாக எடுத்துவிட்டோம் என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருக்கும் கடத்துதிறன் ஒரே வகையில் தீர்மானமாகிவிடுமா? இந்தக் கேள்வியைக் கணித வடிவில் எழுப்பியவர் ஆர்ஜென்டினாவின் அல்பேர்ட்டோ கால்டெரோன். கணிதத்தில் உலகப் புகழ் பெறுவதற்கு முன், 1940களில், அவர் அந்நாட்டின் அரச எண்ணெய் நிறுவனத்தில் பொறியியலாளராக வேலை பார்த்தார். நிலத்துக்குள் எண்ணெய் தேடுகிற வேலையிலிருந்தே கேள்வி அவருக்குக் கிடைத்தது. பிறகு சிக்காகோவுக்குப் போய் வேறு துறையில் பெரும்பெயர் எடுத்தார். பழைய கேள்வியை 1980இல்தான் சிறு கட்டுரையாக வெளியிட்டார். முப்பது ஆண்டுக்கு மேல் அது அவரிடம் சும்மா கிடந்திருக்கிறது! 1987இல் ஜோன் சில்வெஸ்டரும் குந்தர் உல்மானும், கடத்துதிறன் சீராக மாறும் முப்பரிமாணப் பொருளுக்கு விடை ‘ஆம்’ என்று நிறுவினார்கள். நிறுவல் நேர்த்தியானது. ஆனால் ‘எல்லா அளவீடுகளும்’, ‘துல்லியமாக’ என்ற இரண்டு சொற்களும் நாம் நான்கு கோல்களோடு நிற்கும் வயலுக்கு ஒருபோதும் வந்து சேர்வதில்லை.

இத்துறையில் ஒரு வாழ்நாள் எப்படிப் போகிறது என்பதற்கு டேவிட் கோல்டனின் பாதை நல்ல எடுத்துக்காட்டு. 1943இல் அமெரிக்காவில் பிறந்தவர். எடின்பரோவில் ஆர்தர் எர்டேலியின் வழிகாட்டலில் 1967இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். எர்டேலி சிறப்புச் சார்புகளின் பெரும் அறிஞர். மாணவரின் தொடக்க வேலையும் பகுதி வகையீட்டுச் சமன்பாடுகளின் பழைய, அமைதியான மூலைகளிலேயே இருந்தது. இந்தியானா, பிறகு ஸ்கொட்லாந்தின் ஸ்ட்ராத்கிளைட், 1978 முதல் டெலவேயர் பல்கலைக்கழகம். பெரிய பெயருள்ள பல்கலைக்கழகங்களின் வரிசையில் டெலவேயரை எவரும் முதலில் சொல்வதில்லை. அலைச்சிதறல்காரர்கள் மட்டும் சொல்வார்கள். ஜெர்மனியின் கொட்டிங்கனைச் சேர்ந்த ரைனர் கிரெஸ்ஸோடு சேர்ந்து 1983இல் ஒரு நூலும், 1992இல் ஒலி, மின்காந்த அலைகளின் நேர்மாறுச் சிதறல் பற்றி இன்னொரு நூலும் எழுதினார். இரண்டாவது நூல் 2019இல் நான்காம் பதிப்பைக் கண்டது. இரண்டு நாடுகளில் இருந்த இரண்டு பேர் ஒரே பொருளை முப்பத்தைந்து ஆண்டுக்குக் குறையாமல் திருப்பித் திருப்பித் திருத்தி எழுதியிருக்கிறார்கள். கண்டுபிடிப்பு என்றவுடன் ஒரு நாள் இரவில் நடந்த அற்புதத்தைத் தேடும் நம்முடைய பத்திரிகைப் பழக்கத்துக்கு இந்தப் பொறுமையில் எழுத ஒன்றும் கிடைக்காது.

அந்த 1992 நூலில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. புதிய முறை ஒன்றைச் சோதிப்பவர்கள் முதலில் கணினியில் போலித் தரவை உருவாக்குவார்கள். எந்த மாதிரியை வைத்துத் தரவை உருவாக்கினார்களோ அதே மாதிரியை வைத்தே அதைத் திருப்பிக் கணித்தால் விடை அற்புதமாக வரும். அதற்கு எந்தப் பெறுமதியும் இல்லை. கோல்டனும் கிரெஸ்ஸும் இதை நேர்மாறுக் குற்றம் என்றே பெயரிட்டுக் கண்டித்தார்கள். துறைக்குள் இன்று நடுவர்கள் கட்டுரைகளைத் திருப்பி அனுப்பும்போது அடிக்கடி எடுத்துச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று.

கோல்டனின் பெயரை நிலைநிறுத்திய வேலை 1996இல், அன்ட்ரியாஸ் கிர்ஷோடு சேர்ந்து வந்தது. அதுவரை பெரும்பாலானோர் செய்துவந்தது இதுதான்: மறைந்திருக்கும் பொருளுக்கு ஓர் உருவத்தை ஊகிப்பார்கள், அது எப்படிச் சிதறும் என்று கணிப்பார்கள், அளந்ததோடு ஒப்பிடுவார்கள், உருவத்தைத் திருத்துவார்கள், மறுபடி கணிப்பார்கள். தொடக்க ஊகம் தவறினால் எல்லாம் தவறும். பொருள் ஒன்றா மூன்றா, உலோகமா பிளாஸ்டிக்கா என்று முன்கூட்டியே தெரிந்திருக்கவும் வேண்டும். கோல்டனும் கிர்ஷும் கேள்வியைச் சுருக்கினார்கள். தேடும் பரப்பில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள். பல திசைகளிலிருந்து அனுப்பிய அலைகளைத் தகுந்த அளவில் கலந்து, சிதறி வரும் அலை அந்தப் புள்ளியிலிருந்தே புறப்பட்டதுபோலத் தோன்றச் செய்ய முடியுமா என்று பார். புள்ளி பொருளுக்குள் இருந்தால் அடக்கமான கலவை ஒன்று அகப்படும். வெளியே இருந்தால் கலவையின் அளவு கட்டுமீறிப் பெருகும். எங்கெல்லாம் பெருகவில்லையோ அந்த இடங்களின் தொகுப்பே பொருளின் உருவம். ஊகிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம். பொருள் எதனால் ஆனது என்று தெரியவும் வேண்டாம். முறையும் அதைச் சொல்லாது.

நிறுவலில் ஓர் ஓட்டை இருந்தது. உள்ளே இருக்கும் புள்ளிக்கு நல்ல கலவை ‘இருக்கிறது’ என்று தேற்றம் சொன்னது. கணினி அந்த நல்லதைத்தான் தேர்ந்தெடுக்கும் என்று அது சொல்லவில்லை. நடைமுறையில் கணினி சரியாகவே தேர்ந்தெடுத்தது. 1998இல் கிர்ஷ் தனியாகக் காரணிப்படுத்தல் முறையைக் கொண்டுவந்து, சில வகைப் பொருள்களுக்கு அந்த ஓட்டையை அடைத்தார். வேலை செய்கிற ஒன்று ஏன் வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு தலைமுறையே உட்கார்ந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது ஆடம்பரமாகத் தோன்றலாம். மிதிவெடி நிலத்தில் நிற்பவருக்கு அப்படித் தோன்றாது: எந்த நிபந்தனையில் முறை தவறும் என்று தெரியாத கருவியை நம்பி அவர் கால் வைக்க முடியாது.

அந்த 1996 கட்டுரையின் தலைப்பிலேயே அது பரிவு வட்டாரத்துக்கான முறை என்று குறித்திருந்தார்கள்: பொருளின் பருமனும் அலைநீளமும் ஒரே அளவில் இருக்கும் நிலை. பொருள் அலைநீளத்தைவிட மிகச் சிறிதாக இருந்தால் எளிய அண்ணளவு ஒன்று போதும். மிகப் பெரிதாக இருந்தால் அலையைக் கதிராகவே எண்ணிவிடலாம். நடுவில் இரண்டும் உதவாது. மிதிவெடி விழுவது சரியாக அந்த நடுவில்தான். வன்னியில் பரவலாகப் புதைக்கப்பட்ட சீனத்து ‘வகை 72’ மிதிவெடியின் விட்டம் 8 சென்ரிமீற்றர்கூட வராது. உடல் பிளாஸ்டிக், உலோகம் மிகக் கொஞ்சம். பாகிஸ்தானின் ‘பி4’உம் அதைப் பார்த்து இங்கே செய்யப்பட்ட ‘ரங்கன் 99’உம் அதே போக்கைச் சேர்ந்தவை. உலோகம் குறைந்ததால் உலோகங்காட்டிக்குப் பதிலாக, அல்லது அதற்குத் துணையாக, நிலமூடுருவும் ரேடாரைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் வந்தது. அதன் மீடிறன் ஒரு கிகாஹேர்ட்ஸ் அளவாக இருந்தால் அலைநீளம் காற்றில் 30 சென்ரிமீற்றர், காய்ந்த மணலில் ஏறக்குறைய 15, நன்றாக நனைந்த மண்ணில் ஏறக்குறைய 6.

இங்கே வன்னியின் பருவங்கள் கணக்குக்குள் நுழைகின்றன. ஒரு பொருள் மின்காந்த அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதை அதன் மின்னுழைய மாறிலி காட்டும். காய்ந்த மணலுக்கு அது 4 அளவு, ரி.என்.ரி. வெடிமருந்துக்கு 3க்குச் சற்றுக் கீழே. இரண்டும் இவ்வளவு நெருக்கமாக இருந்தால், அவை சந்திக்கும் பரப்பில் அலையின் வீச்சில் 8 சதவீதமே தெறிக்கும். நிலத்தின் மேற்பரப்பிலிருந்து தெறிப்பதோ 33 சதவீதம். அந்தப் பெரும் தெறிப்புக்குள் மிதிவெடியின் சிறு தெறிப்பு அமிழ்ந்து போகும். மாரியில் மண் நனைந்து அதன் மாறிலி 25 ஆகிவிட்டால் தெறிப்பு 49 சதவீதத்துக்கு உயரும், மிதிவெடி பளிச்சென்று தெரிய வேண்டும். ஆனால் நனைந்த மண், அதிலும் களியும் உப்பும் உள்ள மண், அலையைப் போகும் வழியிலேயே விழுங்கிவிடுகிறது. கோடையில் அலை போய்ச் சேரும், பார்க்க வேறுபாடு இல்லை. மாரியில் வேறுபாடு இருக்கிறது, அலை போய்ச் சேராது. இடைப்பட்ட ஈரப்பதம் ஒன்றில் நல்ல வாய்ப்பு உண்டு. அது எந்த மண்ணில், எந்த மாதத்தில் என்பது ஐரோப்பாவின் ஆய்வுகூடத்து மணற்தொட்டியில் தெரியவராது.

இந்தத் துறைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை வன்னியைப் பற்றி எழுதும்போது சொல்லாமல் விட முடியாது. அலைச்சிதறல் கணிதம் பெருத்தது ரேடாராலும் நீருக்கடி ஒலித்தேடலாலும், அதாவது போரால். சோவியத்தின் பியோத்தர் உஃபிம்சேவ் 1962இல் வெளியிட்ட, விளிம்புகளில் அலை சிதறுவதைப் பற்றிய நூலை அமெரிக்க விமானப்படை மொழிபெயர்த்தது. ரேடாருக்குத் தப்பும் எஃப்-117 விமானத்தின் வடிவம் அதிலிருந்து கணிக்கப்பட்டது. கோல்டனின் ஆய்வுகளுக்கும் அமெரிக்க விமானப்படையின் ஆய்வு அலுவலகம் நீண்ட காலம் நிதி வழங்கியது. மிதிவெடியைக் காட்டக்கூடிய சமன்பாடும் குண்டுவீச்சு விமானத்தை மறைக்கும் சமன்பாடும் ஒன்றேதான். இதைச் சொல்லிக் கணிதவியலாளர்களைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. ஆனால் மிதிவெடிப் பக்கத்துக்குக் கிடைத்த பணம் மற்றப் பக்கத்தோடு ஒப்பிடத் தகாத அளவு சிறியது என்பதையும், ‘தொழில்நுட்பம் இன்னும் வளரவில்லை’ என்று பேசுகிறவர்கள் எந்தப் பக்கத்தை வளர்த்தார்கள் என்று கேட்க வேண்டும் என்பதையும் குறித்து வைக்கலாம்.

சிறிய பணத்தில் நல்ல வேலை நடக்காமலும் இல்லை. 2000களின் நடுப்பகுதியில் ஜெர்மன் அரசின் நிதியில், உலோகங்காட்டியின் கணிதத்தை ஆராயும் திட்டம் ஒன்றில் கொட்டிங்கன், மைன்ஸ் கணிதத்துறைகள் பங்கெடுத்தன. இங்கிலாந்தில் உதைபந்தாட்ட வீரர் பொபி சார்ள்டன் 2011இல் மிதிவெடி கண்டறியும் ஆய்வுக்கென்றே ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அந்தச் சூழலில் மன்செஸ்டரின் வில்லியம் லயன்ஹார்ட்டும் சுவான்சியின் போல் லெட்ஜரும் 2015 அளவில் செய்தது, கோல்டனும் கிர்ஷும் செய்ததைப் போலவே கேள்வியைச் சுருக்கும் வேலை. தாழ்ந்த மீடிறனில் உருவத்தைக் கேட்பது வீண். அதற்குப் பதிலாக, புதைந்த உலோகம் எந்தத் திசையில் எவ்வளவு எளிதாகத் தூண்டப்படுகிறது என்பதை ஒவ்வொரு மீடிறனிலும் ஆறு சிக்கலெண்களில் அடக்கிவிடலாம் என்று அவர்கள் நிறுவினார்கள். பொருள் எப்படிச் சாய்ந்து கிடந்தாலும் மாறாத மூன்று எண்களை அந்த ஆறிலிருந்து பிரித்தெடுக்கலாம். வெடியூசியின் மூன்று எண்களும் ஆணியின் மூன்று எண்களும் வேறாக இருந்தால் தோண்டாமலே தள்ளிவிட முடியும். ‘இருந்தால்’ என்பதில் எல்லாம் தங்கியிருக்கிறது. இரும்புக் கனிமம் கலந்த செம்மண்ணும், கொக்கிளாய்ப் பக்கத்துக் கரையோரக் கனிம மணலும் தாங்களும் தூண்டப்பட்டு அந்த எண்களில் கலந்துவிடும்.

வன்னியில் போர்நிறுத்த காலத்திலிருந்தே பயன்பட்டுவரும் விறாண்டி முறை இந்தக் கணிதத்தை முழுவதுமாக ஒதுக்கிவிடுகிறது. கனத்த விறாண்டியால் மண்ணைத் தளர்த்தி, இலேசான விறாண்டியால் அதை இழுத்து, குறித்த ஆழம் வரைக்கும் நிலம் முழுவதையும் கையால் புரட்டிப் பார்க்கிறார்கள். உலோகக் குப்பை நிறைந்த முன்னரங்குகளில் காட்டியின் ஒலி ஒவ்வொன்றையும் துருவுவதைவிட இது வேகமாகவே முடிந்தது. வெயிலில் குனிந்திருந்து இதைச் செய்பவர்களில் பெண்கள் நிறையப் பேர். போரில் கணவனை இழந்தவர்களும் அவர்களில் உண்டு. இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசம்பரில் சேர்ந்தது. அகற்றி முடிப்பதற்கான காலக்கெடு 2028 ஜூன் 1. அந்தக் கெடுவை நோக்கி நகர்வது கணித முறையால் அன்று, இந்தக் கைகளால்தான். நேர்மாறுப் பிரசினத்தில் வாழ்நாள் செலவிட்ட எவரும் இதை ஒப்புக்கொள்வார். தரவு போதாத இடத்தில் தோண்டிப் பார்ப்பதைவிட நல்ல ஒழுங்குபடுத்தல் முறை கிடையாது. கணிதம் உதவக்கூடிய இடம் வேறு: எந்த நிலத்தைத் தோண்டத் தேவையில்லை என்று நம்பிக்கையோடு சொல்வது. அந்த ‘இல்லை’யைச் சொல்வதற்குத்தான் தேற்றங்கள் வேண்டும்.

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் பிள்ளைக்கு இந்த வழி திறந்திருக்கிறதா? பாடத்தில் பிரயோக கணிதம் என்று ஒரு பாதி இருக்கிறது: கப்பி, சாய்தளம், சுவரில் சாய்த்த ஏணி. எல்லாமே நேர்ப் பிரசினம். தரவு எப்போதும் போதுமான அளவிலேயே தரப்பட்டிருக்கும், விடை எப்போதும் ஒன்றாகவே இருக்கும். ‘இந்தத் தரவிலிருந்து விடையைத் தீர்மானிக்க முடியாது, முடியாது என்று நிறுவுக’ என்று ஒரு வினாவாவது கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! யாழ்ப்பாணத் தமிழரான சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் படித்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்து, பிறகு மலாயாவுக்கும் மெல்பேர்ணுக்கும் போனதை நம்மவர்கள் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தப் பெருமையில் போன வழி மட்டும்தான் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பொருத்தமாகத் தோன்றும் முன்மாதிரி ஃபியொரால்பா சகோனி. அல்பேனியாவில், உலகத்திலிருந்து நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்த நாட்டில் பிறந்து, திரானாவில் படித்தவர். பின்னர் டெலவேயரில் கோல்டனோடு வேலை செய்து, இன்று ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருக்கிறார். சில குறிப்பிட்ட மீடிறன்களில் ஓர் அலை பொருளுக்குள் புகுந்து ஏறக்குறையச் சிதறாமலே வெளியேற முடியும். ஊடுகடத்தல் ஐகன் பெறுமானங்கள் எனப்படும் அந்த மீடிறன்கள் முடிவிலி எண்ணிக்கையில் இருக்கின்றன என்று அவரும் இரண்டு கூட்டாளிகளும் 2010இல் நிறுவினார்கள். சிதறல் முறைகள் சறுக்கும் இடங்கள் என்று அஞ்சப்பட்டவை அவை. அவற்றை அளந்தால் பொருள் எதனால் ஆனது என்பதற்கே துப்புக் கிடைக்கும் என்று பின்னர் தெரிந்தது. 2010இன் அந்த நிறுவலுக்குக் கருவிகூட வேண்டியிருக்கவில்லை. திறந்த கேள்விகளும் மீதமிருக்கின்றன: ஒரே திசையிலிருந்து ஒரே மீடிறனில் அனுப்பிய ஒரேயோர் அலையின் சிதறல், அலையை உள்வாங்காத ஒலிமென் (மேற்பரப்பில் ஒலியழுத்தம் பூச்சியமாகும்) பொருளொன்றின் உருவத்தைத் தீர்மானித்துவிடுமா என்பது தட்டையான முகங்கள் கொண்ட பொருள்களுக்கு மட்டுமே தீர்ந்திருக்கிறது, வளைந்த பொருளுக்குப் பொதுவாக இன்னும் தீரவில்லை.

வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இருக்கிறது. பம்பைமடுவில் பிரயோக விஞ்ஞான பீடம் நடக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். மின்தடையிலிருந்து உள்ளமைப்பைக் கணிக்கும் மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. லயன்ஹார்ட் முதலியோர் தொடங்கிய ‘எய்டோர்ஸ்’ அவற்றில் ஒன்று. சம இடைவெளியில் இறக்கிய நான்கு இரும்புக்கோல், ஒரு பற்றரி, இரண்டு அளவுமானி இருந்தால் அளவீடு தொடங்கும்: அழுத்த வேறுபாட்டை மின்னோட்டத்தால் வகுத்து, கோல் இடைவெளியாலும் 2π (இரண்டு பை) என்ற எண்ணாலும் பெருக்கினால் தோற்றத் தடைத்திறன் வந்துவிடும். இறுதியாண்டு மாணவர் ஒருவர் இதைப் புதிதாகக் கிணறு வெட்டப்போகும் காணியில் செய்யக்கூடாது. ஏற்கெனவே வெட்டி, எத்தனையாவது அடியில் களி, எத்தனையாவது அடியில் பாறை, நீர் நல்லதா உவரா என்று வீட்டுக்காரருக்கே மனப்பாடமாகத் தெரிந்த கிணறுகளின் அருகில் செய்ய வேண்டும். கோடையில் ஒருமுறை, மாரியில் ஒருமுறை. அங்கே மட்டும்தான் கோல்டனும் கிரெஸ்ஸும் கண்டித்த குற்றத்தைச் செய்யாமல், கணினி தருகிற படம் எத்தனை மீற்றர் தவறுகிறது என்று எண்ணால் எழுத முடியும். அப்படி நூறு கிணறுகளின் பிழைகளைத் தொகுத்த ஓர் ஆய்வேட்டை, நீரோட்டம் பார்ப்பவருக்கும் குழாய்க்கிணறு அடிப்பவருக்கும் விளங்கும் தமிழில் வெளியிடுவது நடக்கக்கூடிய வேலை.